மூழ்கிய நாணயமும் மிதந்த கப்பலும்

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் ஊரான கிள்ளானில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக ஓர் அறிவியல் முகாம் நடந்தது. அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமைகள். பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் இருந்த என்னையும் உதவிக்கு அழைத்தார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு, மிதப்பதும் மூழ்குவதும். இது சுலபமான தலைப்புதானே என்று நானும் தைரியமாகத் தலையாட்டிவிட்டேன். துணி ஊறவைக்கும் பெரிய பேசின் ஒன்று, பிளாஸ்டிசின், அலுமினியத் தாள், பத்து சென் நாணயங்கள், கோலிக்குண்டுகள், இரும்பு நட்டுகள், இரண்டு முட்டைகள், ஒரு பொட்டலம் உப்பு. இவ்வளவுதான் என் ஆய்வுக்கூடம்.

தொடக்கம் நன்றாகவே போனது. ஒவ்வொரு பொருளையும் நீரில் போடுவதற்கு முன் அது மிதக்குமா, மூழ்குமா என்று பிள்ளைகள் ஊகித்துச் சொன்னார்கள். குழாய்த் தண்ணீரில் மூழ்கிய முட்டை, உப்பைக் கரைத்ததும் மெல்ல மேலே வந்தபோது கைதட்டலே எழுந்தது. அந்த நேரத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். அவனுடைய அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறாராம். மூன்று கிராம் எடையுள்ள பத்து சென் காசு மூழ்கிவிடுகிறது, ஆயிரக்கணக்கான கண்டெய்னர்களைச் சுமந்துவரும் இரும்புக் கப்பல் மட்டும் ஏன் அக்கா மூழ்குவதில்லை என்று கேட்டான்.

எனக்கா விடை தெரியாது? படிவம் ஐந்தில் இயற்பியல் பாடத்தில் மனனம் செய்த விதி இன்னும் மறக்கவில்லை. அதை மலாயில் படித்திருந்ததால் மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டு சொன்னேன். ஒரு பொருள் நீரில் அமிழும்போது அதன்மீது மேல்நோக்கி ஒரு விசை செயல்படுகிறது, அந்த மிதப்பு விசை அப்பொருள் ஒதுக்கித் தள்ளிய நீரின் எடைக்குச் சமம், கப்பல் நிறைய நீரை ஒதுக்குவதால் மிதக்கிறது என்று விளக்கினேன். பையன் கவனமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, சரி அக்கா, ஆனால் ஏன் சமம் என்று கேட்டான்.

எனக்கு வாய் வரவில்லை. விதி அப்படித்தான் சொல்கிறது என்று சமாளித்தேன். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அது ஏன் உண்மை என்று எஸ்பிஎம் தேர்வு வரை ஒரு நாளும் யோசித்ததில்லை. அடுத்த சனிக்கிழமைக்குள் பதிலோடு வருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு, அன்றிரவே அந்த விதியைக் கண்டவரைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஆர்க்கிமிடிஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, குளியல் தொட்டியிலிருந்து எழுந்து யுரேக்கா என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடிய ஒரு விசித்திர மனிதர்தான். அந்த ஒரு வாரத்தில் நான் அறிந்துகொண்ட ஆர்க்கிமிடிஸ் வேறு ஒருவர்.

துறைமுக நகரத்தில் பிறந்தவர்

இத்தாலிக்குத் தெற்கே உள்ள பெரிய தீவு சிசிலி. அதன் கிழக்குக் கரையில் சிரக்கூஸ் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது கிரேக்கர்கள் வாழ்ந்த செல்வச் செழிப்பான தனி அரசு. அங்கே கி.மு. 287 வாக்கில் ஆர்க்கிமிடிஸ் பிறந்தார். அவருடைய தந்தை ஃபிடியாஸ் ஒரு வானியலாளர். இந்தச் செய்தி நமக்குத் தெரிவதே ஆர்க்கிமிடிஸ் தம் நூல் ஒன்றில் போகிற போக்கில் தந்தையைக் குறிப்பிட்டதால்தான். அவருக்கு மனைவி, பிள்ளைகள் இருந்தார்களா என்பதற்குக்கூடச் சான்று இல்லை.

அக்காலத்தில் கல்விக்குப் பெயர் பெற்ற நகரம் எகிப்தில் இருந்த அலெக்சாந்திரியா. ஆர்க்கிமிடிஸ் அங்கே சென்று படித்திருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. அங்கிருந்த கணித அறிஞர்களோடு அவர் வாழ்நாள் முழுவதும் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பூமியின் சுற்றளவை அளந்த எரட்டோஸ்தீனஸ் அவர்களில் ஒருவர். தாம் கண்டுபிடித்த தேற்றங்களை நிரூபணம் இல்லாமல் முதலில் அனுப்பி, நீங்களே நிரூபித்துப் பாருங்கள் என்று விட்டுவிடுவது ஆர்க்கிமிடிசின் வழக்கம். எதையும் சரிபார்க்காமல் நாங்களும் இதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்பவர்களைப் பிடிப்பதற்காக, அவற்றில் தவறான தேற்றங்களையும் கலந்து அனுப்பியதாக அவரே எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் பயமும் வந்தது. நான் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அந்தத் தவறான தேற்றத்தையும் மனனம் செய்திருப்பேன்.

அவர் செய்த வேலைகளின் பட்டியல் நீளமானது. வட்டத்தின் உள்ளேயும் வெளியேயும் 96 பக்கங்கள் கொண்ட பல்கோணங்களை வரைந்து, பையின் மதிப்பு 223/71க்கும் 22/7க்கும் இடையில் இருக்கிறது என்று நிறுவினார். நாம் பள்ளியில் இன்றும் பயன்படுத்தும் 22/7 இப்படித்தான் நிறுவப்பட்டது. இந்தப் பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை மணல் வேண்டும் என்று கணக்கிட்டு, 1-க்குப் பின் 63 பூஜ்யங்கள் போட்ட எண் அதற்குப் போதும் என்று காட்டினார். அவ்வளவு பெரிய எண்ணை எழுதக் கிரேக்கர்களிடம் வழியே இருக்கவில்லை. ஆகவே அதற்கான முறையையும் அவரே உருவாக்கினார். கீழே இருக்கும் நீரை மேலே ஏற்றும் திருகு ஒன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அதே வடிவத் திருகுகள் இன்றும் நீரிறைக்கவும் தானியத்தை மேலேற்றவும் பயன்படுகின்றன.

கிரீடமும் அரை மில்லிமீட்டரும்

இனி அந்தப் புகழ்பெற்ற கதைக்கு வருவோம். சிரக்கூஸ் மன்னர் இரண்டாம் ஹியரோன் ஒரு பொற்கிரீடம் செய்யச் சொல்லித் தங்கம் கொடுத்தார். பொற்கொல்லர் அதில் கொஞ்சம் தங்கத்தை எடுத்துக்கொண்டு, அதே எடைக்கு வெள்ளியைக் கலந்துவிட்டதாகச் சந்தேகம். கிரீடத்தை உருக்காமல், உடைக்காமல் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். குளிக்கப்போன ஆர்க்கிமிடிஸ் தொட்டியில் நீர் வழிவதைக் கண்டார். கலப்படக் கிரீடம் பருமனில் பெரிதாக இருப்பதால் தூய தங்கத்தைவிட அதிக நீரை வழியச் செய்யும் என்று உணர்ந்தார் என்பது கதை.

இந்தக் கதையை எழுதிவைத்தவர் விட்ருவியஸ் என்னும் ரோமானியக் கட்டடக் கலைஞர். அவர் வாழ்ந்தது ஆர்க்கிமிடிசுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு. நமக்குக் கிடைத்துள்ள ஆர்க்கிமிடிசின் நூல்களில் கிரீடத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அப்படியானால் கதை நடந்திருக்க முடியுமா? காகிதமும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்களும் என்னோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கன சென்டிமீட்டர் தங்கத்தின் எடை 19.3 கிராம். அதே அளவு வெள்ளி 10.5 கிராம், நீர் 1 கிராம். இதைத்தான் அடர்த்தி என்கிறோம். கிரீடத்தின் எடை ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் தங்கமானால் அதன் பருமன் ஏறத்தாழ 52 கன சென்டிமீட்டர். 700 கிராம் தங்கமும் 300 கிராம் வெள்ளியும் கலந்திருந்தால் ஏறத்தாழ 65. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 13 கன சென்டிமீட்டர். கிரீடம் கொள்ளும்படி 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தில் போட்டால், நீர்மட்டம் உயர்வதில் தெரியும் வேறுபாடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. விளிம்பில் தொங்கி நிற்கும் ஒரு துளி நீரே இந்த அளவைக் குழப்பிவிடும். இதை வைத்து ஒரு மனிதனைத் திருடன் என்று சொல்ல முடியுமா?

ஆனால் இதைச் செய்ய வேறு வழி இருக்கிறது. தராசின் ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் அதே எடையுள்ள தூய தங்கம். காற்றில் இரண்டும் சமமாக நிற்கும். அப்படியே இரண்டையும் நீருக்குள் இறக்க வேண்டும். பருமனான கிரீடத்தை நீர் அதிகமாகத் தூக்கும். 13 கன சென்டிமீட்டர் வேறுபாடு 13 கிராம் வேறுபாடாக மாறும். நல்ல தராசில் அது உடனே தெரிந்துவிடும். கலிலியோ 1586-ஆம் ஆண்டில், தமது 22-ஆம் வயதில், ஆர்க்கிமிடிஸ் இப்படித்தான் செய்திருப்பார் என்று சொல்லி அத்தகைய ஒரு நீர்த்தராசை விவரித்துச் சிறு நூல் எழுதினார். இந்த முறைக்குத் தேவையான விதி ஆர்க்கிமிடிசின் நூலிலேயே இருக்கிறது. நீரைவிட அடர்த்தி மிகுந்த பொருள் மூழ்கும், ஆனால் அது ஒதுக்கிய நீரின் எடை அளவுக்கு அதன் எடை குறையும் என்பதே அது.

ஏன் சமம்?

இப்போது அந்தப் பையனின் கேள்வி. மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆர்க்கிமிடிஸ் எழுதிய நூல் இரண்டு பாகங்கள் கொண்டது. அதில் குளியல் தொட்டியும் இல்லை, மன்னரும் இல்லை. ஓர் எளிய கருத்தை முன்வைத்துத்தான் தொடங்குகிறார். ஒரே மட்டத்தில் அடுத்தடுத்து உள்ள நீர்ப்பகுதிகளில், குறைவாக அழுத்தப்படும் பகுதியை அதிகமாக அழுத்தப்படும் பகுதி தள்ளிவிடும். அவ்வளவுதான். இதிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறுகிறார்.

அவருடைய வாதத்தை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். அலையில்லாத கடலில், நீருக்குள் ஒரே ஆழத்தில், அடுத்தடுத்து இரண்டு சம அளவான அறைகள் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். சுவர் கிடையாது, கோடு மட்டும்தான். முதல் அறையின் மேல்பகுதியில் ஒரு கப்பல் மிதக்கிறது, மீதி இடம் நீர். இரண்டாவது அறை முழுவதும் நீர்தான். கடல் அசையாமல் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு அறைகளும் தமக்குக் கீழே உள்ள நீரை ஒரே அளவில் அழுத்துகின்றன. முதல் அறை அதிகமாக அழுத்தினால் அங்குள்ள நீர் பக்கத்து அறைக்குத் தள்ளப்படும், கடல் அசையும். அசையவில்லை. ஆகவே இரண்டு அறைகளின் எடையும் சமம்.

இப்போது இரண்டு அறைகளுக்கும் பொதுவாக உள்ள நீரை மனத்தால் கழித்துவிடுங்கள். முதல் அறையில் மிஞ்சுவது கப்பல். இரண்டாவது அறையில் மிஞ்சுவது, கப்பல் அமிழ்ந்த பள்ளம் எவ்வளவோ அந்த அளவு நீர். இரண்டும் சமம் என்றால், கப்பலின் எடை அது ஒதுக்கிய நீரின் எடைக்குச் சமமாகத்தான் இருந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை.

இதைப் புரிந்துகொண்டபோது இரவு மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. எழுந்து அம்மாவை எழுப்பலாமா என்றுகூடத் தோன்றியது. பாடநூலில் ஒரே வரியாகப் படித்த விதி, யாரும் கட்டளையிட்டதால் உண்மையானதல்ல. நீர் அசையாமல் நிற்கிறது என்ற ஒரு சாதாரண காட்சியிலிருந்து அது தானாகப் பிறக்கிறது. காசு மூழ்குவதற்கும் இதுவே விடை. காசு எவ்வளவு முயன்றாலும் தன் பருமன் அளவு நீரைத்தான் ஒதுக்க முடியும். அந்த நீர் காசைவிட இலேசானது. கப்பலோ உள்ளே பெரும்பகுதி வெற்றிடமாக இருப்பதால், தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கும் வரை அமிழ்ந்து, அங்கே நின்றுவிடுகிறது.

கையால் தொட்டு, மனத்தால் நிறுவியவர்

ஆர்க்கிமிடிஸ் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்? அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த புளூட்டார்க் என்னும் எழுத்தாளர், ஆர்க்கிமிடிஸ் இயந்திர வேலைகளைத் தாழ்வாகக் கருதினார், தூய கணிதத்தையே மதித்தார் என்று எழுதிவைத்தார். நெடுங்காலம் உலகம் அதை நம்பியது. ஆனால் எரட்டோஸ்தீனசுக்கு ஆர்க்கிமிடிஸ் எழுதிய ஒரு நூல் வேறு கதை சொல்கிறது. கோளத்தின் பருமன் போன்ற கடினமான கணக்குகளில், வடிவங்களை மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒரு தராசில் தொங்கவிடுவதாகக் கற்பனை செய்து, எது எதற்குச் சமமாக நிற்கிறது என்று பார்த்தே பல விடைகளை முதலில் கண்டதாக அதில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதோடு நிற்கவில்லை. இப்படிக் கண்டது நிரூபணம் ஆகாது, பிறகு வடிவகணித வழியில் நிறுவ வேண்டும் என்றும் சொல்கிறார். விடை முன்கூட்டியே ஓரளவு தெரிந்திருந்தால் நிரூபணத்தைத் தேடுவது எளிது என்பது அவருடைய அனுபவம்.

இந்தப் பகுதிதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. முகாமில் நான் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன், ஆனால் ஏன் என்று சொல்லவில்லை. பள்ளியில் நான் விதியைப் படித்தேன், ஆனால் செய்தும் பார்க்கவில்லை, நிறுவியும் பார்க்கவில்லை. ஆர்க்கிமிடிஸ் இரண்டையும் செய்தார். எது முதலில், எது பிறகு என்பதையும் மறைக்காமல் எழுதிவைத்தார்.

போரும் மரணமும்

ஹியரோன் மன்னர் ரோமாபுரியோடு நட்பாக இருந்தவரை சிரக்கூஸ் அமைதியாக இருந்தது. கி.மு. 215-இல் அவர் இறந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் ரோமின் எதிரியான கார்த்தேஜ் பக்கம் சாய்ந்தார்கள். மார்செல்லஸ் என்னும் தளபதியின் தலைமையில் ரோமானியப் படை நிலத்திலும் கடலிலும் நகரத்தை முற்றுகையிட்டது. அப்போது ஆர்க்கிமிடிசுக்கு எழுபது வயதுக்கு மேல்.

முதியவர் தம் நகரத்துக்காக இயந்திரங்களைச் செய்து கொடுத்தார். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஏற்றவாறு கல் எறியும் கவண் பொறிகள் அவற்றில் இருந்தன. மதிலுக்கு மேலிருந்து நீண்டு, கப்பலின் முனையைக் கொக்கியால் பிடித்துத் தூக்கி, பிறகு பட்டென்று விட்டுவிடும் பொறியும் இருந்தது. கண்ணாடிகளால் சூரிய ஒளியைக் குவித்துக் கப்பல்களை எரித்தார் என்ற கதை பிரபலமானதுதான். ஆனால் முற்றுகையைப் பற்றி எழுதிய பழைய வரலாற்றாசிரியர்கள் பொலிபியசும் லிவியும் அதைச் சொல்லவில்லை. கொக்கிப் பொறியைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. கப்பல் எப்படி மிதக்கிறது என்று உலகிலேயே நன்றாகத் தெரிந்த மனிதர், கடைசிக் காலத்தில் கப்பல்களை மூழ்கடிக்க வேண்டியிருந்தது.

நேரடித் தாக்குதலில் வெல்ல முடியாத ரோமானியர்கள் நீண்ட முற்றுகைக்குப் பின், கி.மு. 212-இல் நகருக்குள் நுழைந்தார்கள். சூறையாடலின்போது ஒரு படைவீரன் ஆர்க்கிமிடிசைக் கொன்றுவிட்டான். அவர் எப்படி இறந்தார் என்பதைப் புளூட்டார்க்கே மூன்று விதமாகச் சொல்கிறார். ஒரு வரைபடத்தில் மூழ்கியிருந்தார் என்பது அவற்றில் ஒன்று. அவரது மரணத்துக்காக எதிரித் தளபதி மார்செல்லஸ் வருந்தினார் என்பதில் பழைய நூல்கள் ஒத்துப்போகின்றன.

அவருடைய கல்லறையில் ஓர் உருளையும் அதற்குள் அடங்கும் கோளமும் செதுக்கப்பட்டன. உருளையின் பருமனில் கோளம் மூன்றில் இரண்டு பங்கு என்று கண்டதையே தம் வாழ்நாளின் பெரிய சாதனையாக அவர் கருதினார். ஆனால் கி.மு. 75-இல் சிசிலிக்கு அதிகாரியாக வந்த ரோமானிய அறிஞர் சிசரோ தேடிச் சென்றபோது, உள்ளூர் மக்களுக்கே அந்தக் கல்லறை எங்கே என்று தெரியவில்லை. முட்புதருக்கு மேலே தலைகாட்டிய கோளத்தையும் உருளையையும் பார்த்துத்தான் அவர் அடையாளம் கண்டார். இன்று அந்தக் கல்லறையும் இல்லை.

சுரண்டி அழிக்கப்பட்ட நூல்

கல்லறைக்கு நேர்ந்த கதிதான் நூலுக்கும் நேர இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோப்பிள் நகரில் ஒருவர் ஆர்க்கிமிடிசின் நூல்களைத் தோல் ஏடுகளில் படியெடுத்தார். தோல் ஏடு விலை உயர்ந்தது. அதனால் 1229-ஆம் ஆண்டில் வேறொருவர் அந்த எழுத்துகளைச் சுரண்டி அழித்து, ஏடுகளைத் திருப்பி மடித்து, அவற்றின்மேல் கிறிஸ்துவ வழிபாட்டு நூல் ஒன்றை எழுதிக்கொண்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது எழுதுவதற்கு இடம். கணிதம் அவருக்குப் புரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

1906-இல் ஹைபர்க் என்னும் டென்மார்க் அறிஞர் இஸ்தான்புல்லில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். வழிபாட்டு வரிகளுக்கு அடியில் குறுக்காக ஓடிய மங்கலான எழுத்துகள் ஆர்க்கிமிடிசுடையவை என்று கண்டார். மிதக்கும் பொருள்களைப் பற்றிய நூலுக்கு அதுவரை 1269-இல் செய்யப்பட்ட லத்தீன் மொழிபெயர்ப்பே ஆதாரமாக இருந்தது. கிரேக்க மூலத்தின் பெரும்பகுதி இந்த ஏட்டில் கிடைத்தது. தராசைக் கற்பனை செய்து விடை கண்டதாக எரட்டோஸ்தீனசுக்கு எழுதிய நூல் உலகில் வேறெங்குமே இல்லை, இந்த ஏட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அதன்பின் முதல் உலகப் போர் வந்தது, புத்தகம் மறைந்துபோனது. 1998-இல் நியூயார்க் ஏலத்தில் அது மீண்டும் தோன்றியபோது பூஞ்சை பிடித்து, சில ஏடுகளின்மேல் போலி ஓவியங்கள் வரையப்பட்டு, பரிதாபமான நிலையில் இருந்தது. பெயர் வெளியிடாத ஒருவர் 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு அதை வாங்கி, பால்டிமோர் நகரில் உள்ள வால்டர்ஸ் அருங்காட்சியகத்திடம் ஆய்வுக்கு ஒப்படைத்தார். பல வண்ண ஒளிகளில் படமெடுத்தும், பழைய மையில் இருந்த இரும்பைக் காட்டிக்கொடுக்கும் எக்ஸ்ரே கதிர்களைப் பாய்ச்சியும், ஒரு குழு ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுத்துகளை மீட்டது. அந்தப் படங்கள் இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இலவசமாகக் கிடைக்கின்றன.

இதைப் படித்துவிட்டு என் எஸ்பிஎம் குறிப்பேட்டை நினைத்துக்கொண்டேன். தேர்வு முடிந்த மறுநாளே அதைப் பழைய தாள்காரரிடம் போட்டுவிட்டோம். நூலைச் சுரண்டியவரைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? புரியாத அறிவை யாரும் பத்திரப்படுத்துவதில்லை.

இரண்டாவது சனிக்கிழமை

மறுவாரம் துணி மாட்டும் ஹேங்கர் ஒன்றை எடுத்துப் போனேன். அதன் இரு முனைகளிலும் கொசுவலைத் துணியில் கட்டிய இரண்டு முடிச்சுகள். ஒன்றில் கோலிக்குண்டுகள், மற்றொன்றில் இரும்பு நட்டுகள். காற்றில் ஹேங்கர் சமமாக நிற்கும்வரை நட்டுகளைச் சேர்த்துச் சரிசெய்தோம். பிறகு இரண்டையும் பேசினுக்குள் இறக்கினோம். கோலிக்குண்டுப் பக்கம் சட்டென்று மேலே எழுந்தது. அதே எடையுள்ள இரும்பைவிடக் கண்ணாடி அதிக இடம் பிடிக்கிறது, அதனால் நீர் அதை அதிகமாகத் தூக்குகிறது என்று ஒரு சிறுமியே சொல்லிவிட்டாள். பிறகு கரும்பலகையில் கடலையும் இரண்டு அறைகளையும் வரைந்தேன். இரண்டு அறைகளுக்கும் பொதுவான நீரைப் பிள்ளைகளே அழித்தார்கள். ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் கப்பல் வடிவ நீர் மிஞ்சியது. கேள்வி கேட்ட பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தலையை ஆட்டினான்.

அடுத்து அலுமினியத் தாளில் 8 சென்டிமீட்டர் நீளம், 8 அகலம், 2 உயரம் கொண்ட படகுகள் செய்தோம். பருமன் 128 கன சென்டிமீட்டர். ஆகவே 128 கிராம் வரை தாங்கும், ஒரு காசு மூன்று கிராம் என்றால் நாற்பது காசுகளுக்குமேல் ஏற்றலாம் என்று முதலில் கணக்கிட்டுக்கொண்டோம். முதல் குழு அவசரத்தில் எல்லாக் காசுகளையும் ஒரே மூலையில் குவித்தது. இருபத்து மூன்றாவது காசில் படகு சாய்ந்து கவிழ்ந்தது. இரண்டாவது குழு காசுகளைப் பரப்பி வைத்து முப்பத்தொன்பது வரை ஏற்றியது. கணக்கு சரியாக இருந்தும் முதல் படகு ஏன் கவிழ்ந்தது? மிதப்பது ஒரு கேள்வி, சாயாமல் நிற்பது இன்னொரு கேள்வி. ஆர்க்கிமிடிஸ் தம் நூலின் இரண்டாம் பாகம் முழுவதையும் இந்த இன்னொரு கேள்விக்குத்தான் ஒதுக்கினார். சாய்த்துவிட்ட மிதக்கும் வடிவம் எப்போது தானாக நிமிரும் என்று அதில் ஆராய்ந்தார்.

கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் அருகே சில குறுக்குக் கோடுகளும் வரைந்திருப்பார்கள். நன்னீருக்கு ஒரு கோடு, வெப்பமண்டலக் கடலுக்கு ஒரு கோடு, குளிர்காலக் கடலுக்கு ஒரு கோடு. ஒவ்வொரு நீரிலும் கப்பல் எதுவரை அமிழலாம் என்பதற்கான எல்லை அது. அதிகச் சுமை ஏற்றிய கப்பல்களில் மாலுமிகள் பலர் மடிந்ததால், 1876-இல் பிரிட்டனில் இதற்குச் சட்டம் வந்தது. இதைச் சொன்னதும் அந்தப் பையன், அப்பாவோடு போகும்போது அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றான். பேசினைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தபோது, அவன் எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாணவ நண்பர்களே, ஒரு பேசின் நீரும் ஒரு துண்டு அலுமினியத் தாளும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. முதலில் கணக்கிடுங்கள், பிறகு காசுகளை ஏற்றிப் பாருங்கள். விடை பொருந்தினால் ஏன் பொருந்தியது என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் ஏன் பொருந்தவில்லை என்று இன்னும் கூடுதலாகக் கேளுங்கள். பக்கத்தில் தம்பி தங்கை யாராவது இருந்தால் அவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லுங்கள். அவர்கள் மறுபடியும் ஏன் என்று கேட்டால், என்னைப்போல் விதி அப்படித்தான் சொல்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.